ஸ்டிக்கர் ஒட்டிய கோல்

மெலிஸ் ரொட்டியைப் பிய்த்து, ஆப்ரிகாட் ஜாமில் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டார். மலையேறும் குழுக்களுக்குச் சமைக்கும் சல்தனத் கொடுத்த ஜாடி, முக்கால்வாசி காலி. மலையடிவார ஊரான கரகோலில் ஜாம் காய்ச்சாத வீடு கிடையாது. ஆனாலும் இந்தப் பக்குவம் நம் வீட்டில் வராது என்று அவர் சொல்லிவைக்க, மனைவி புருல் முகத்தைத் திருப்பிக்கொண்டு தேநீர் ஊற்றினாள்.

“அப்ப சல்தனத்தையே வந்து ஆக்கிப் போடச் சொல்லுங்க. வாரன்டியில ஒரு கோலைச் சரி பண்ணிக் குடுத்ததுக்கு ஒரு ஜாடின்னா, ஊர்ல எல்லார் கோலும் உடையட்டும்னு நான் வேண்டிக்கிறேன்.”

மெலிஸ் சிரித்தார். அந்தச் சிரிப்பில் உயிர் இல்லை என்பது அவருக்கு மட்டும் தெரியும்.

பஜாருக்குப் பின்னால் அவருடைய கடை. மலையேற வருகிறவர்களுக்குக் கூடாரம், தூக்கப் பை, ஊன்றிக்கொள்ளும் கோல் எல்லாம் அங்கே கிடைக்கும். வெளிநாட்டுக் கோல் கம்பெனி ஒன்றின் வாரன்டி வேலையையும் அவர்தான் பார்த்தார். விதிமுறை எளிமையானது. கோல் உடைந்தால் உடைந்த துண்டுகளைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். கம்பெனி அல்மாட்டி நகரத்துக் கிடங்கிலிருந்து புதுக் குழாயை இலவசமாக அனுப்பிவைக்கும். மெலிஸ் அதை மாட்டி, கம்பெனியின் வாரன்டி ஸ்டிக்கரை ஒட்டி உரியவரிடம் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

விருந்தாளிக்கு ஆட்டின் நல்ல பாகத்தை வைத்துவிட்டு, மிஞ்சியதை வீட்டார் தின்னும் ஊர் அது. மெலிஸ் அந்த நல்ல வழக்கத்தைக் கடைக்குள்ளும் இழுத்துவந்துவிட்டார். வெளிநாட்டுக்காரர்களின் கோலுக்குப் புதுக் குழாய். சுமை தூக்குகிறவர்கள், சமையல் செய்கிறவர்கள் ஆகிய நம்மூர் ஆட்களின் கோலுக்கு வேறு வைத்தியம். அவர்கள் பேரில் வந்த புதுக் குழாய் அலமாரிக்குப் போய்விடும், நாளைக்கு எந்த வெள்ளைக்காரனாவது உடைத்துக்கொண்டு வந்தால் காத்திருக்கவைக்காமல் மாட்டிக்கொடுக்கலாமே என்று. உடைந்த பழைய குழாய்க்குள் ஒரு தடித் துண்டைச் சொருகி, பசை தடவி, வெடிப்பின் மேல் ஸ்டிக்கரை ஒட்டிவிடுவார். சொருகுவதற்கு, சோவியத் காலத்துப் பனிச்சறுக்குத் தடிகள் அவர் வீட்டுக் கொட்டகையில் விறகுபோல் குவிந்து கிடந்தன.

‘வெளியூர்க்காரன் பாதி வழியில கோல் உடைஞ்சு நின்னா ஊருக்கே வெக்கம். நம்ம ஆளுங்களுக்கு இது போதும்’ என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வார். ஒருமுறை உடைந்த அலுமினியத்தைச் சரளைச் சரிவில் நம்பக் கூடாது என்பது அவருக்குத் தெரியாததல்ல. கேட்பார் இல்லை, அதனால் நடந்துகொண்டிருந்தது.

அடுத்த விள்ளலை ஜாமில் தோய்த்தபோது போன் அடித்தது. சுமை தூக்குகிறவர்களுக்குத் தலைவர் ஜிர்கல்.

“அண்ணே, விஷயம் தெரியுமா? நம்ம சல்தனத் அலாக்கோல் கணவாயிலேர்ந்து இறங்கையில விழுந்துடுச்சு. கால் முறிஞ்சுபோச்சு. குதிரையில கட்டித்தான் கொண்டாந்தோம். கோல் ஒடிஞ்சிருக்கு. அது எப்படிண்ணே, நீங்க இப்பத்தானே வாரன்டியில மாத்திக் குடுத்தீங்க?”

மெலிஸின் மனசுக்கு முன்னால் வாய் முந்திக்கொண்டது.

“கோல் என்னப்பா பண்ணும்? பிடிக்கிறவங்களுக்குப் பிடிக்கத் தெரியணும். கல்லு இடுக்குல குத்திட்டு மொத்த பாரத்தையும் போட்டா இரும்பே வளையும்.”

“நானும் அப்படித்தான் நெனச்சேன். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

போனை வைத்த பிறகு, வாயில் இருந்த ஜாம் உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

சர்க்கரையும் தேயிலையும் வாங்கிக்கொண்டு சல்தனத்தைப் பார்க்கப் புறப்பட்டார். நலம் விசாரிக்கப் போவதாகத்தான் புருலிடம் சொன்னார். உள்ளுக்குள் இருந்த நினைப்பே வேறு. உடைந்த துண்டுகள் வேறு யார் கண்ணிலும் படுவதற்குள் கைப்பற்றிவிட வேண்டும். வழியெல்லாம் கால் முறிந்தவளைப் பற்றி நினைத்ததைவிட ஒரு முழக் குழாயைப் பற்றித்தான் அவர் அதிகம் நினைத்தார்.

சல்தனத்தின் கணவன் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருந்தான். மாவுக்கட்டுப் போட்ட காலை மெத்தையில் நீட்டி உட்கார்ந்திருந்தாள் அவள். ஒத்தாசைக்கு வந்த அடுத்த வீட்டுக்காரி அடுப்படியில் இருந்தாள். வாசலோரம் உட்காரப்போன மெலிஸை சல்தனத் விடவில்லை.

“அங்க எதுக்குண்ணே உக்காருறீங்க? மேல வாங்க.”

வாசலுக்கு நேர் எதிரே, பெரிய மனிதர்கள் உட்காரும் இடத்தில் பட்டு மெத்தை விரித்திருந்தார்கள். மெலிஸ் போய் அதில் உட்கார்ந்தார். முள்ளின் மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

“உங்ககிட்ட மூஞ்சி காட்டவே வெக்கமா இருக்குண்ணே,” என்றாள் சல்தனத். “அவ்வளவு சிரமப்பட்டு வாரன்டியில வாங்கிக் குடுத்தீங்க. ஒரு சீசன் முடியறதுக்குள்ள உடைச்சுப் போட்டுட்டேன்.”

“அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா.”

“துண்டு எல்லாம் பத்திரமா கொண்டாந்துட்டேன். துண்டு இல்லேன்னா வாரன்டி இல்லேன்னு சொல்வீங்கல்ல? காலு தொங்கிட்டுக் கிடக்கு, இவ குச்சி பொறுக்கச் சொல்றாளேன்னு ஜிர்கல் அண்ணன் ஒரே ஏச்சு.”

தலையணைக்குப் பின்னாலிருந்து ஒரு முட்டாக்குத் துணியை எடுத்து அவர் முன்னால் பிரித்தாள். வெள்ளி நிறக் குழாய் இரண்டாகப் பிளந்து கிடந்தது. கிழிந்த ஸ்டிக்கருக்குக் கீழேயிருந்து சாயம் போன சிவப்புத் தடி ஒன்று பல்லைக் காட்டியது.

“பாத்தீங்களா, உள்ளயே இன்னொரு தடி வச்சுச் செஞ்சிருக்கான். கம்பெனிக்காரன்னா கம்பெனிக்காரன்தான். அதையே உடைச்சிருக்கேன்னா என் உடம்பு எப்படின்னு பாத்துக்குங்க.”

அடுப்படியிலிருந்த பெண் சிரித்தாள். “தினம் அண்டாவையும் சேத்துத் தூக்கினா, தடி என்ன, மலையே உக்காந்துரும்.”

மெலிஸ் குனிந்து துணியை மூடினார். பூமி பிளந்தால் நல்லது என்று சொல்வார்களே, அது என்னவென்று அவருக்கு அன்றைக்குப் புரிந்தது.

சல்தனத்தின் குரல் தாழ்ந்தது. “ஒரே ஒரு உபகாரம்ணே. கோல் பிடிக்கத் தெரியாதவளை இனிமே மேல கூட்டிட்டுப் போக முடியாதுன்னு ஜிர்கல் அண்ணன் சொல்லிட்டாராம். அடுத்த சீசனுக்கு வேற ஆள் பாக்குறாரு. காலு கூடிரும், டாக்டர் சொல்லிட்டாரு. உடைஞ்ச பேரு மறுபடி கூடாதுல்ல? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க பேச்சுக்கு அவரு மறுபேச்சு பேச மாட்டாரு.”

“சொல்றேன்,” என்றார் மெலிஸ். எழுந்தவரை, வழக்கப்படி ரொட்டியில் ஒரு விள்ளலாவது தொடாமல் அவள் அனுப்பவில்லை. ஒரு விள்ளல் பிய்த்து வாயில் வைத்தார். அது மண்ணாக இருந்தது.

பாலத்தின் மேல் வந்ததும் நின்றார். கீழே ஆறு பனி உருகிய நீரோடு இரைந்தது. மூட்டையைக் கைப்பிடிச் சுவருக்கு வெளியே நீட்டினார். விட்டுவிட்டால் போதும், முடிந்தது கதை. அப்போது குதிரை வண்டியில் போன தெரிந்தவர் ஒருவர், “என்ன மெலிஸ், சல்தனத்தைப் பாத்துட்டு வர்றியா? நல்ல மனுஷன்யா நீ” என்று சொல்லிவிட்டுப் போனார். மெலிஸின் கை தானாக உள்ளே வந்தது. நேர்மை தடுத்ததா என்றால் இல்லை. ஒருவர் பார்த்துவிட்டார், அவ்வளவுதான். அது தெரிந்தபோது அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

வீட்டில் புருல் மூட்டையைப் பிரித்துப் பார்த்தாள்.

“இந்தச் சிவப்புத் தடி நம்ம கொட்டகையில கிடக்குறதுல்ல?”

மெலிஸ் குனிந்து மூட்டையை மறுபடி கட்டினார். மேசையில் இருந்த ஜாம் ஜாடியை அவள் எடுத்து, மூடியை இறுக்கி, அவர் கையில் கொடுத்தாள்.

“இதை நீங்களே தின்னுங்க. எனக்கு இறங்காது.”

மறுநாள் காலை, சுமை தூக்குகிறவர்கள் லாரியில் மூட்டை ஏற்றும் முற்றத்துக்கு மெலிஸ் போனார். ஜிர்கல் கையை நீட்டிக்கொண்டே வந்தார்.

“வாங்கண்ணே. சல்தனத்துக்காகப் பேச வந்திருப்பீங்க. உங்க மனசு எனக்குத் தெரியாதா? ஆனா நீங்களே சொன்னீங்க, பிடிக்கத் தெரியலேன்னு.”

தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிவர அப்போதுகூட வழி இருந்தது. நீட்டிய அந்தக் கையைப் பிடிக்க மெலிஸுக்குத் தைரியம் வரவில்லை. லாரியின் முன்பக்கத்தில் மூட்டையை வைத்துப் பிரித்தார்.

“அவளுக்குப் பிடிக்கத் தெரியும். எனக்குத்தான் நாணயம் தெரியல. அவ பேருக்கு வந்த புதுக் குழாய் என் அலமாரியில இருக்கு. இது பழைய ஒடஞ்ச குழாய். உள்ள இருக்குறது பழைய பனிச்சறுக்குத் தடி. நான்தான் சொருகி ஒட்டுனேன்.”

பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்.

“என் கோலும் உங்ககிட்டதானே வந்துச்சு?”

அவன் லாரிமேல் ஏறித் தன் கோலை உருவினான். ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினான். இன்னொருவன் ஏறினான். அப்புறம் இன்னொருவன். யாரும் அவரைத் திட்டவில்லை. வரிசையாக உட்கார்ந்து, கோலை மடியில் வைத்துக்கொண்டு, ஸ்டிக்கரைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தை மெலிஸ் நின்று கேட்டார். செருப்பால் அடித்திருந்தால்கூட அவருக்கு இவ்வளவு வலித்திருக்காது.

ஜிர்கல் நீட்டிய கையை முன்பே பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டுவிட்டார். “சல்தனத்தோட வேலை அவளுக்குத்தான். கடையைத் திறங்க. இன்னைக்கு எங்க கோல் சரியானதுக்கு அப்புறம்தான் லாரி கிளம்பும்.”

அலமாரி காலியானது. நடந்ததைக் கம்பெனிக்கும் மெலிஸே சொன்னார். அவர்கள் வாரன்டி வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அது நியாயம்தான்.

சல்தனத்தின் கோலில் புதுக் குழாயை மாட்டி, மெலிஸ் அவள் வீட்டுக்கு எடுத்துப்போனார். விஷயம் அவருக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு அவளே வாசலுக்கு வந்தாள். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. கோலை வாங்கிக் கடைசி வரைக்கும் நீட்டி, தரையில் ஊன்றி, அழுத்திப் பார்த்தாள்.

“தப்புப் பண்ணிட்டேம்மா,” என்றார் மெலிஸ்.

“உங்களைப் பாக்கவே வெக்கமா இருக்குன்னு நான் சொன்னேன். பட்டு மெத்தையில உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தீங்களேண்ணே. அதைத்தான் தாங்க முடியல.”

அவள் கோலைச் சுவரில் சாய்த்துவைத்தாள்.

“விருந்தாளிக்கு நல்லதைக் குடுங்க, யாரு வேணாம்னா? ஆனா நம்ம ஆளுக்கு இது போதும்னு நெனைக்கிறீங்க பாருங்க, அங்கதான் எல்லாம் கெட்டுப்போகுது. வாரன்டி குடுக்கிறவன், அதை நம்பி இறங்குறவளோட உசுருக்குப் பொறுப்பேத்துக்கிறான். அவ யாருன்னு பாத்துப் பொறுப்பு கூடவும் கூடாது, குறையவும் கூடாது.”

பக்கத்து மாடத்திலிருந்த ரொட்டியை எடுத்து நீட்டினாள்.

“தொட்டுட்டுப் போங்க. வாசலுக்கு வந்தவங்களை வெறும் வாயோட அனுப்பறது இந்த வீட்டு வழக்கம் இல்ல. மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க.”

மெலிஸ் படிக்குக் கீழே நின்றபடியே ஒரு விள்ளல் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார்.