மூன்று பேர் தின்றால் கூட்டம்

"இன்னிக்குக் காலையில டோனட் கடையில நீங்க மூணு பேரும் கிழக்குத் தெருவப் பத்தி என்ன முடிவு பண்ணீங்களோ, அத இங்க எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

கேட்டுவிட்டேன். மைல் கணக்கில் ஓடி வந்தவள் போல மூச்சு வாங்கியது. நாற்காலியிலிருந்து மைக் வரை நடந்ததோ நாலு எட்டுதான்.

இப்படி எதையும் கேட்கவே கூடாது என்று இரண்டு பேர் என்னிடம் சொல்லியிருந்தார்கள். ஒருவர் டோனட் கடை முதலாளி, கம்போடியாக்காரர், சொக்கோம் ஆன்ட்டி. "மேசையில காதுல விழுறது கல்லாவத் தாண்டக் கூடாது, நெரெய்தா" என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொன்னார். இன்னொருவர் அப்பா. அவர் வெர்ன் டெக்கரின் ஆரஞ்சுத் தோட்டத்தில் வேலை செய்கிறார். எங்கள் ஊர்க் குடிநீர் வாரியத்துக்குத் தலைவர் அதே வெர்ன் டெக்கர். "அவர்கிட்ட எதையும் கேக்காத, மிஹா. நம்மகிட்ட அவர் எதையும் கேக்காம இருக்கட்டும்." மிஹா என்றால் ஸ்பானிஷில் மகளே. அப்பாவின் அரசியல் அவ்வளவுதான்.

நானும் கேட்பதற்காக வரவில்லை. கையெழுத்துக்காக வந்தேன்.

கலிஃபோர்னியாவில் அரசுப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்க வேண்டுமானால் அமெரிக்க வரலாறு, அரசியல் சாசனம், மாநில உள்ளாட்சி நிர்வாகம் மூன்றையும் படித்தே ஆக வேண்டும். விதி. உயிரியல் படித்தாலும் சரி, புல்லாங்குழல் படித்தாலும் சரி. முதல் இரண்டையும் சமுதாயக் கல்லூரியிலேயே முடித்திருந்தேன். மூன்றாவது, அங்கே நான் படித்த பாடத்தில் சேர்த்தியில்லை என்பது ஏப்ரலில்தான் தெரிந்தது. மே மாதம் அங்கி போட்டு மேடையேறினேன். அப்பா விசில் அடித்தார், அம்மா அழுதாள், சித்தப்பா படம் எடுத்தார். என் கையிலிருந்த நீல அட்டைக்குள் ஒரு காகிதமும் இல்லை. அது எனக்கு மட்டும் தெரியும். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி, வெற்று அட்டையோடு சிரித்துக்கொண்டு சுவரில் தொங்கினாள்.

அதனால் ஜூலை வெயிலில் இந்தக் கோடை வகுப்பு. கடைசிப் பயிற்சி: உங்கள் ஊரின் ஏதாவது ஒரு வாரியக் கூட்டத்துக்குப் போங்கள், பொதுமக்கள் நேரத்தில் மூன்று நிமிடம் பேசுங்கள், தலைவரிடம் கையெழுத்து வாங்கி வாருங்கள். தபால் நிலையத்துக்கு எதிரே தெருவிளக்கு மாற்றியதற்கு நன்றி என்று ஒரு பேச்சு எழுதி வைத்திருந்தேன். படித்தால் எனக்கே கொட்டாவி வரும் பேச்சு.

காலையில்தான் எல்லாம் கெட்டது. வெர்னும் அவருடைய கூட்டாளிகள் கோர்டனும் டோனியும் வழக்கம்போல ஜன்னலோர மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து பேர் வாரியத்தில் மூன்று பேர். நான் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன். கெட்டில் பேசாது, கெட்டில் பிடித்திருப்பவளும் பேச மாட்டாள் என்பது அவர்கள் கணக்கு.

"கிழக்குத் தெருவுக்குக் குழாய் போடற விஷயத்த இன்னிக்குச் சாயங்காலம் முடிச்சுவிட்டுறலாம்" என்றார் வெர்ன். "மாநிலம் காசு குடுக்குதாம். குடுத்தா யாரு பராமரிக்கறது? வேண்டாம்னு எழுதி அனுப்பிருவோம்."

"ஒஃபேலியா கத்துவாளே" என்றார் டோனி.

"கத்தட்டும். நாம மூணு பேரு." கோர்டன் கோப்பையை என் பக்கம் நீட்டினார். "இன்னும் கொஞ்சம், கண்ணு."

கிழக்குத் தெரு என் தெரு. வாரியத்தின் வரைபடத்தில் நாங்கள் உள்ளே இருக்கிறோம், வருடா வருடம் வரி கட்டுகிறோம். குழாய் மட்டும் கால்வாய்க்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் உர நஞ்சு. குழந்தைகளுக்குக் கொடுக்காதே என்று மருத்துவமனையிலேயே சொல்லி அனுப்புவார்கள். குடிக்கவும் சமைக்கவும் கடையில் வாங்கும் தண்ணீர்தான். எங்களுக்கு வர வேண்டிய குழாய்த் தண்ணீரைத்தான் மூன்று பேர் ஒரு தட்டு டோனட்டோடு மென்று முடித்தார்கள். நான் ஊற்றினேன். ஊற்றும்போதே ஒன்று உறைத்தது. அவர்கள் செய்வது சட்டப்படி தப்பு.

ஏன் தெரியுமா? முந்தின வாரப் பாடம் அதுதான். வாரியத்தில் பெரும்பான்மை உறுப்பினர்கள் ஒன்றாக உட்கார்ந்து வாரிய விஷயம் பேசினால் அது எங்கே நடந்தாலும் கூட்டம். கூட்டம் என்றால் முன்னறிவிப்பு வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும். தேர்வில் அந்தக் கேள்விக்குச் சரியாக எழுதியிருந்தேன். அந்த மேசையருகே நின்றபோது, எழுதிய வரி எழுந்து நடந்து வந்து என் தோளைத் தட்டியது போலிருந்தது.

இப்போது வெர்ன் மைக்கை இழுத்துக்கொண்டார். "பேரு, விலாசம்?"

"சொல்லணும்னு சட்டம் இல்ல."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மொத்தம் ஏழெட்டுப் பேர்தான் இருந்தோம்.

"உன் பேரு எனக்குத் தெரியாதா? எவரிஸ்தோ மக. நீ இங்க வந்து நிக்கறது உங்கப்பனுக்குத் தெரியுமா, கண்ணு?"

அப்பா வெளியே பிக்கப் வண்டியில் உட்கார்ந்திருந்தார். என் வண்டி பழுது. தெருவிளக்குப் பேச்சு என்று நம்பிக் கொண்டுவந்து விட்டவர். நெஞ்சு அடித்த அடி மைக்கில் கேட்டுவிடுமோ என்று இருந்தது. ஆனால் பயமில்லை அது. முதன்முதலாகக் கையை விட்டுவிட்டு சைக்கிள் ஓட்டும்போது வருமே, அது.

"எங்கப்பா உங்க வாரியத்துல உறுப்பினர் இல்ல. நீங்க உறுப்பினர். நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"காலைல பலகாரம் சாப்ட்டோம். டோனட் திங்கக்கூட சட்டம் இருக்கா இந்த மாநிலத்துல?"

"ரெண்டு பேர் தின்னா டோனட். மூணு பேர் தின்னா கூட்டம்."

இந்த முறை சிரிப்பு பலமாகவே வந்தது. டோனி மேசையைப் பார்த்தார். வாரியத்தின் செயலாளர் டார்லீன், எப்போதும் தலைநிமிராமல் தட்டச்சு செய்கிறவர், விரலை எடுத்தார்.

"வெர்ன், இதுக்கு மேல பேசாதீங்க. போன வருஷம் வக்கீல் சொன்னது இதத்தான். நான் குறிப்புல போட்டே ஆகணும்."

"என்னத்தப் போடப்போற? காப்பி ஊத்தற பொண்ணு ஒட்டுக்கேட்டான்னா?"

"ஒட்டுக் கேக்கல" என்றேன். "நீங்க என் காதுக்குள்ளதான் பேசினீங்க. 'நாம மூணு பேரு'ன்னு சொன்னது கோர்டன். அப்புறம் இன்னும் கொஞ்சம் காப்பி கேட்டார். ஊத்தினேன்."

கோர்டனின் காது சிவந்தது. அவர் மறுக்கவில்லை. நல்ல மனிதர்தான், பொய் சொல்ல வராது.

நான்காவது உறுப்பினர் ஒஃபேலியா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மெதுவாகத் திரும்பினார்.

"ஆறு வருஷமா இந்த நாற்காலில உக்காந்திருக்கேன். ஒரு நாளாவது டோனட்டுக்கு வாடின்னு கூப்பிட்டிருக்கீங்களா, வெர்ன்? நான் என்னமோ உங்களுக்கெல்லாம் ஒரே மாதிரி யோசனை வருதுன்னுல்ல நெனச்சேன்."

வெர்ன் சுத்தியலை எடுத்து, தட்டாமல் கீழே வைத்தார். பிறகு, கிழக்குத் தெரு விஷயம் இன்று எடுக்கப்படாது, அடுத்த மாதம் முறைப்படி அறிவித்துத் திறந்த கூட்டத்தில் விவாதிக்கப்படும் என்று யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிப்பது போலச் சொன்னார். "ஸ்பானிஷ்லயும் அறிவிப்பு ஒட்டணும்" என்றார் ஒஃபேலியா. டார்லீன் தட்டச்சு செய்தார். அந்தச் சத்தம் எனக்கு அந்த நேரத்தில் பாட்டு போல இருந்தது.

பத்து நிமிட இடைவேளை விட்டார்கள். வெர்ன் நேராக என்னிடம் வந்தார். என் கையிலிருந்த வகுப்புத் தாளைப் பார்த்துவிட்டார்.

"கல்லூரிக்கா இது? கையெழுத்து வேணுமா?"

"ஆமா."

பேனாவை எடுத்தார், மூடியைத் திறந்தார். "டார்லீன்கிட்டப் போய், நீ சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன்னு சொல்லு. தப்பாக் காதுல விழுந்துருச்சுன்னு சொல்லு. நானும் போட்டுத் தர்றேன். நீயும் பாஸ் பண்ணு, உங்கப்பனும் நிம்மதியா இருக்கட்டும்."

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். கையெழுத்து இல்லாவிட்டால் அந்தப் பயிற்சிக்கு மதிப்பெண் இல்லை. மீதியை வைத்துப் பார்த்தால் சி வரும். சி போதும். பட்டத்தில் மதிப்பெண்ணை அச்சடிப்பதில்லை.

"வேண்டாம், நீங்களே வச்சுக்கோங்க" என்று தாளை அவர் சட்டைப் பையிலேயே மடித்துச் செருகினேன்.

அவர் முகம் மாறியது. குரல் மட்டும் இனிப்பாகவே இருந்தது. "அடுத்த மாசம் உன் தெருவையே கூட்டிட்டு வா. ஸ்பானிஷ்ல பேசு, சீன பாஷைல பேசு. அப்பவும் நாங்க மூணு பேருதான். கதவைத் தொறந்து வச்சுக்கிட்டே வேண்டாம்னு சொல்லுவோம். அதுக்கு என்ன சட்டம் வச்சிருக்க, கண்ணு?"

வைத்திருந்தேன். அதே வகுப்புக்காகத் தேடும்போது கண்ணில் பட்டது. வெர்ன் டெக்கரின் பெயர் இதுவரை ஒரு வாக்குச்சீட்டில்கூட அச்சானதில்லை. அவருக்கு எதிராக யாருமே நின்றதில்லை. ஒருவர் மட்டும் மனு கொடுத்தால் தேர்தலே கிடையாது, நாற்காலி தானாக அவருக்கு. இந்த ஊரில் ஒரு மனிதர்கூட அவருக்கு ஓட்டுப் போட்டதில்லை. அப்பாவின் வாழ்க்கையில் பாதியை இந்த ஆள் ஆண்டிருக்கிறார், யாரும் கேட்காமல்.

"டார்லீன்" என்றேன், அவரைத் தாண்டி, எல்லாருக்கும் கேட்கும்படி. "நவம்பர்ல யார் யார் இடம் காலியாகுது?"

டார்லீன் என்னைப் பார்த்தார், வெர்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

"வெர்னோடதும் டோனியோடதும்."

"யார் நிக்கலாம்?"

"வாரிய எல்லைக்குள்ள குடியிருக்கணும். ஓட்டர் பட்டியல்ல பேரு இருக்கணும். அவ்வளவுதான்."

"மனு எங்க வாங்கணும்?"

"மாவட்டத் தேர்தல் ஆபீஸ்ல. போன வாரமே குடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. காலைல எட்டு மணிக்குத் தொறப்பாங்க."

"ரெண்டு மனு வாங்கிட்டு வா" என்றார் ஒஃபேலியா, பிஸ்கட்டைக் காப்பியில் நனைத்துக்கொண்டே. "டோனி எடத்துக்கு என் தங்கச்சி சும்மாதான் உக்காந்திருக்கா."

"நெரெய்தா" என்றார் வெர்ன். என் பெயர் அவருக்குத் தெரிந்திருந்தது. இத்தனை வருடக் காப்பியில் முதல் முறையாக அதைச் சொன்னார். "யோசிச்சுச் செய். காலையில கடைல பாக்கலாம், பேசிக்கலாம்."

"காலையில நான் லீவு" என்றேன். சொக்கோம் ஆன்ட்டியிடம் இன்னும் கேட்கவில்லை. திட்டுவார். திட்டிவிட்டுக் கொடுப்பார், கொடுக்காவிட்டாலும் போவேன்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இன்னும் வெளிச்சம் இருந்தது. அப்பா வண்டிக் கதவில் முழங்கையை வைத்து, என் முகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவைத் தள்ளினேன். சூடான காற்று முகத்தில் அறைந்தது. முதலில் எதைச் சொல்வது, வெற்று அட்டையைப் பற்றியா, மனுவைப் பற்றியா என்று மட்டும்தான் இன்னும் முடிவு செய்யவில்லை. மற்றதெல்லாம் முடிவாகிவிட்டது.