வண்டலில் ஊன்றிய குச்சிகள்

"கரை கட்டிட்டா ஆறு நம்மளப் பாக்க எப்பிடிம்மா வரும்?" என்று மகள் ததூ ஒருமுறை கேட்டாள். ருஃபிஜி ஆற்றை அடக்கி வாய்க்கால் வெட்டத் துரைமார் திட்டம் போடுகிறார்கள் என்று சேதி வந்த நேரம் அது.  அன்றிலிருந்து தாய் ஸுவேனாவுக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வெள்ளம் வந்தால்தானே வண்டல், வண்டல் படிந்தால்தானே விதைப்பு?

இந்த வருடம் நீர் வடிந்ததும் தோணியில் போய்ப் பார்த்தால், அவள் நிலத்தில் யாரோ வரிசையாகக் குச்சி ஊன்றியிருந்தார்கள். புது வண்டலில் குச்சி ஊன்றியவருக்கே அந்தப் போகம்; அதுதான் ஊர் வழக்கம். வரிசை பக்கத்து நிலத்துக்காரர் கிபுவானாவின் வரப்பில் போய் நின்றது. போன வெள்ளத்தில் அவளுடைய பரண்வீடு சாய்ந்தபோது, தாயையும் மகளையும் தன் தோணியில் ஏற்றிக் கரைசேர்த்த மனிதர் அவர்.

"உங்க வயிறு ரொம்பப் பெருசுண்ணே! என் நிலமும் வேணுமாக்கும்?" என்று அவரிடமே போய்க் கேட்டாள்.

"குச்சி ஊன நான் குனிஞ்சா, நிமித்த நாலு ஆள் வேணும் தங்கச்சி. எனக்கு ஒண்ணும் தெரியாது."

ஆத்திரம் தீராமல் அத்தனையையும் பிடுங்கி ஆற்றில் எறிந்தாள்.

மறுநாள் நில அளவைத் துரையும் மொழிபெயர்ப்பாளரும் வந்து நின்றபோதுதான் விஷயம் புரிந்தது. அவை கட்டப்போகும் கரைக்கான அடையாளக் குச்சிகள்.

"சர்க்கார் குச்சியப் பிடுங்கினது யாருய்யா?" என்று கேட்டார் மொழிபெயர்ப்பாளர்.

 ஸுவேனா வாய் திறப்பதற்குள் கிபுவானா முந்திக்கொண்டார். "நான்தாங்க. ஊர்க்காரன் குச்சின்னு நெனச்சுட்டேன்."

"அண்ணே!" என்று பதறினாள்.

"சும்மா இரு. நீ போயிட்டா பிள்ளய யாரு பாக்குறது?" என்று அடிக்குரலில் அதட்டினார்.

கரை வேலைக்கு மண் சுமக்க அவரை மேலாற்று முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த பிறை பார்க்கும்வரை விடமாட்டார்களாம். அதற்குள் சேறு இறுகிவிடும். பிறகு விதை இறங்காது. அவருக்கென்று விதைக்க வீட்டில் ஆளும் இல்லை.

 ஸுவேனா இறைவனிடம் மன்னிப்புக் கேட்டாள். கேட்டால் மட்டும் போதுமா என்றும் தோன்றியது.

வெள்ளி நண்பகல். ஊரார் பள்ளிவாசலில் இருந்தார்கள். ததூ அடுத்த வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். ஸுவேனா தன் மக்காச்சோள விதையை எடுத்துக்கொண்டு தனியாகத் தோணி தள்ளினாள். முதலில் கிபுவானாவின் நிலம். குதிகாலால் குழி போட்டு, விதையிட்டு மூடி, வரப்புவரை போனாள். எஞ்சிய விதை அவள் நிலத்தில் பாதிக்குத்தான் வந்தது.

அடுத்த வருடம் ஆறு வருமோ வராதோ. கிபுவானாவின் நிலத்தில் பதிந்த தன் கால்தடங்களை ஓர் ஓலைமட்டையால் அழித்துவிட்டு, கால் கழுவித் தோணியில் ஏறினாள்.