மாவு அறை

பொழுது புலரும்போதே கமர் ஜஹான் மாவு அறைக்குள் இருப்பாள். திருவான்மியூர்ச் சந்து ஒன்றில் மாத்திரைக் கம்பெனி. டால்கம் பவுடர் மூட்டையைத் தூக்கி, சலித்து, கலவை இயந்திரத்தில் கொட்டுவது அவள் வேலை. கொட்டியதும் பொடி கிளம்பி இமை மயிர்வரை அப்பும். மாத்திரை அச்சில் ஒட்டாமல் இருக்கத்தான் அந்தப் பொடி, நோயைத் தீர்க்க அல்ல.

தூசியை வெளியே இழுக்கும் விசிறி சுவரில் இருந்தது. பொடி வீணாகிறதாம், முதலாளி பாலகணேஷ் அதன் ஒயரைப் பிடுங்கிவிட்டார். தலைக்கு வலைத் தொப்பி மட்டும் கட்டாயம். மாத்திரையில் ஒரு மயிர் விழுந்தால் அவர் மானம் போய்விடும், ஆளே விழுந்தால் போகாது. வேலை முடிந்ததும் ஆளுக்கொரு வெல்லக்கட்டி தருவார். நெஞ்சுத் தூசியை அது இறக்கிவிடும் என்று எல்லோரும் நம்பித் தின்றார்கள்.

"வயித்துக்குப் போற வெல்லம் நுரையீரலை எப்படிம்மா கழுவும்?" என்று கேட்டார், கமருக்கு ஸ்கேன் எடுத்த டாக்டர். இரண்டு நுரையீரலிலும் பொடி படிந்திருந்தது. இனி அந்த அறைக்குள் போகவே கூடாது என்றார்.

மறுநாள் காலை, பாக்கிங் மேசையில் இருக்கும் சிந்து அவளை முதலாளியிடம் அழைத்துப் போனாள்.

"சார், அக்காவுக்கு நுரையீரல்ல பொடி படிஞ்சிருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாரு, வேற வேலை குடுங்க. வைத்தியத்தையும் நீங்கதான் பாக்கணும்."

"அது மருந்தே இல்லம்மா, வெறும் பவுடர். குழந்தைக்குப் பூசறோமே, அதான்."

"பூசறது வேற சார். நான் அதைத்தான் மூச்சா இழுத்துக்கினு கீறேன்," என்றாள் கமர் ஜஹான், இரைத்துக்கொண்டே. "படி ஏற முடியல."

"முடியலன்னா வீட்ல இருங்க. வெல்லம்கூட வாங்கிக் குடுக்கறேன், வேற யார் குடுப்பா?"

பெரிய வள்ளல்! அந்த முகத்தைப் பார்க்கவே சிந்துவுக்கு அருவருப்பாக இருந்தது.

உள்ளே இயந்திரச் சத்தம் நின்றது. அச்சு ஓட்டும் வைரவன் வெளியே வந்தான். பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள்.

"ஏன் நிறுத்தினே? லோடு போகணும்."

"விசிறி ஓடட்டும் சார், அக்காவுக்கு வைத்தியம் நடக்கட்டும். அதுவரிக்கும் அந்த ரூமுக்குள்ள எவனும் போமாட்டான்."

"எல்லாரையும் தூக்கிடுவேன். ஆளா கிடைக்காது?"

"கெடைக்கறவரிக்கும் நீங்களே வாங்க சார்," என்று மாவு அறைக் கதவைத் திறந்தாள் சிந்து. "வெறும் பவுடர்தானே? ஒரே ஒரு மூட்டை கொட்டுங்க. உடனே வேலைக்குப் போறோம்."

வைரவன் மூட்டையைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தான். முதலாளி வாசற்படியைத் தாண்டவில்லை. கை தானாகவே கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டது. அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள்.

வேலையாட்கள் எல்லோரும் வெளியே வந்து கம்பெனி வாசலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். கமர் ஜஹான் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினாள். மதியம், தெருமுனையைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"நகந்து உக்காரு சிந்து. அடுத்த ஷிப்ட்டு பொண்ணுங்க வந்துகினு கீதுங்க."