ஒன்பது முறை ஓடியவர்

என் அப்பா அம்மாசி ஒன்பது முறை ஓடியிருக்கிறார். எல்லாம் காகிதத்தில்தான்.

எம்.ஏ. குற்றவியல் இரண்டாம் வருட ஆய்வுக்காகக் கல்வராயன் மலையடிவாரத்துச் சாராய வழக்குகளைத் தேடினேன். கள்ளக்குறிச்சி கோர்ட்டுக்கு நடையாய் நடந்து வாங்கிய வழக்கு நகல்களில் ஒன்பது அப்பாவுடையவை. ஒன்பதிலும் ஒரே வரி: 'எங்களைக் கண்டதும் கேனைப் போட்டுவிட்டுத் தப்பி ஓடினான், விரட்டிப் பிடித்தோம்.'

முதல் வழக்கு 2009. அதற்கு முந்தைய வருடமே கரும்பு டிராக்டர் ஏறி அப்பாவின் வலது கால் நொறுங்கிவிட்டது. அதன்பின் பஸ்ஸுக்குக்கூட அவர் ஓடியதில்லை. படிக்கப் படிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் தெருவில் இதற்குப் 'பேர் கொடுக்கிறது' என்பார்கள். மலையில் காய்ச்சுகிறவர் மாட்டமாட்டார். போலீசுக்கு வழக்குக்கு ஆள் வேண்டுமென்றால் தெருவிலிருந்து முறைவைத்து ஒருவர் போக வேண்டும். மறுத்தால் காய்ச்சுகிறவருக்கு வேண்டிய தோட்டக்காரர்கள் அந்த வீட்டில் யாரையும் கரும்பு வெட்டக் கூப்பிட மாட்டார்கள். வெட்டுக்கு ஆகாதவர்தானே என்று அப்பாவின் முறை மட்டும் அடிக்கடி வந்தது.

அப்பாவின் காலைப் பற்றி நான் சொன்னதைக் கேட்டபடி வழிகாட்டிப் பேராசிரியர் கண்ணாயிரம் நகல்களைப் புரட்டினார்.

"ஒன்பது தடவையும் குற்றத்தை ஒத்துக்கிட்டிருக்கார்மா. தொடர் குற்றவாளின்னுதான் எழுத முடியும். பொண்ணு சொல்றது சாட்சி ஆகாது. வேற தலைப்பு பாரு, செவ்வந்தி."

"இதே தலைப்புதான் சார்."

'தொடர் குற்றவாளி' என்ற அந்த இரண்டு சொல்லை என் அப்பாவுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. பட்டமே போனாலும் சரி.

அன்றே ஊருக்குப் போனேன்.

"கோர்ட்டுல ஏம்ப்பா ஒத்துக்கின?"

"பெரியவங்க கேக்கறாங்க. ஆமாங்கன்னா வெரசா முடிஞ்சிடும். எதுத்துப் பேசச் சொல்றியா?"

"வகுப்புல நான் பேசப்போறன். நீயும் வா."

"எனக்கு இன்னாத்துக்கும்மா அதெல்லாம்? நீ பாஸாவற வழியப் பாரு."

நான் விடவில்லை. ஒன்பது நகல்களையும் ஒவ்வொன்றாக உரக்கப் படித்தேன். அவருக்கு எழுத்துத் தெரியாது. இதுவரை யாரும் படித்துக் காட்டியதும் இல்லை. ஆறாவதில் சிரித்துவிட்டார்.

"இன்னாது, மேட்டுல ஏறி ஓடுனனா?"

ஏழாவதில் சிரிக்கவில்லை. ஒன்பது முடிந்ததும், "என்னிக்கு வரணும்?" என்றார்.

ஆய்வை முன்வைக்கும் நாளில் கச்சிராயபாளையத்தில் முதல் பஸ் பிடித்து, இரண்டு பஸ் மாறி வந்து சேர்ந்தார். வகுப்பின் வாசலிலேயே நின்றுகொண்டார். நான் அந்த வரியைப் படித்துவிட்டு, "அப்பா, முன்னால வா," என்றேன்.

எட்டு பெஞ்சுகள். ஒவ்வொரு பெஞ்சாகப் பிடித்துப் பிடித்து, வலது காலை இழுத்துக்கொண்டு வந்தார். எழுந்து உதவப் போன ஒருத்தியைக் கையமர்த்தினேன். என் கண் கலங்கியது, ஆனாலும் அவர் நடந்தே வரட்டும் என்று நின்றேன்.

கண்ணாயிரம் சார் எழுந்து தன் நாற்காலியை அவருக்குப் போட்டார். பிறகு மெல்லக் கேட்டார்.

"ஐயா, நீங்க ஓடுனீங்களா?"

பழக்கத்தில் அப்பாவின் வாய் 'ஆ' என்று திறந்தது. மூடிக்கொண்டார். என்னைப் பார்த்தார்.

"இல்லீங்க," என்றார்.