மணல் இருக்கிறது

பெடலை மிதித்தேன். மணல் வரவில்லை. இன்னொரு தரம் ஓங்கி மிதித்தேன். கீழே சக்கரங்கள் கிறீச்சிட்டுக்கொண்டு வெறுமனே சுற்றின. ஈரத் தண்டவாளத்தில் எஞ்சின் வழுக்கினால், சக்கரத்துக்கு முன்னால் குழாய் வழியாக மணல் தூவினால்தான் பிடிப்புக் கிடைக்கும். எஞ்சின் வேகத்தைக் கூட்டும் கைப்பிடி எட்டாவது நாட்சில் இருந்தது. அதற்கு மேல் நாட்ச் கிடையாது. இரண்டு டீசல் எஞ்சின்களும் தொண்டை கிழியக் கத்தின. பின்னால் நாற்பத்திரண்டு வேகன் சிமெண்ட். வேகம் ஒன்பது, ஆறு, மூன்று என்று இறங்கி, பாதி மலையில், கொட்டும் மழையில், வண்டி நின்றே போனது. பிரேக்கைப் போட்டேன்.

எஞ்சின் ஷெட்டில் எனக்குச் சிடுமூஞ்சி என்று பேர். முப்பத்தைந்து வருடம் இந்த ஏற்றத்தில் சரக்கு வண்டி ஓட்டிப் பாருங்கள், உங்கள் மூஞ்சியும் இப்படித்தான் ஆகும். முன்பெல்லாம் பின்னாலிருந்து தள்ள ஓர் எஞ்சின் வரும். புது எஞ்சின்கள் வந்ததும், இதற்கு யானை பலம், தள்ள ஆள் எதற்கு என்று அதை எடுத்துவிட்டார்கள். யானைக்கும் அடி சறுக்கும் என்று அந்த ஏசி அறையில் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. ஆனால் இன்றைக்கு நின்றதற்கு அவர்களைத் திட்டிப் பிரயோசனமில்லை.

புறப்படுமுன் மணல் பெட்டியைத் திறந்து பார்ப்பது உதவி டிரைவரின் வேலை. காலையில் என் உதவி டிரைவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு கதவுவரை போனாள். வெளியே மழையைப் பார்த்தாள். திரும்பி வந்தாள்.

"சார், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. மூணு மாசம்."

ஏற்கெனவே இரண்டு தங்கவில்லை என்று எனக்குத் தெரியும். இரண்டாவது போனபோது பத்து நாள் லீவு எடுத்தாள், ஷெட்டுக்கே தெரிந்தது.

"அப்புறம் எதுக்கும்மா வண்டியில ஏறுன?"

"ஆபீஸ் வேலை கேட்டு எழுதிக் குடுத்திருக்கேன் சார். டாக்டர் கையெழுத்து வேணுமாம். அவரு திங்கக்கிழமதான் வருவாராம். அந்த கிளார்க், 'மறுபடியுமா'ன்னு கேக்கறாரு." சிரிக்கப் பார்த்தாள். "வீட்டுக்காரர்கிட்டகூட சொல்லல. இந்தத் தடவ தங்கட்டும், சொல்லிக்கலாம்னு."

"நீ உக்காரு. மழையில எறங்கி வழுக்கிவெக்காத. மணல் எங்க ஓடிப்போகுது, இருக்கும்."

படிவத்தில் மணல் என்ற இடத்துக்கு நேராக 'இருக்கிறது' என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நானாவது இறங்கிப் பார்த்திருக்கலாம். முழங்கால் வலி, மழை, சோம்பல். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

ரேடியோவில் கண்ட்ரோல் ரூம் இரைந்தது. "நின்னுட்டீங்களா? கீழேருந்து எஞ்சின் வர ரெண்டு மணி நேரமாவது ஆகும். இருபது வேகனுக்கு ஹேண்ட் பிரேக் போட்டுடுங்க. மணல் பாத்தீங்களா?"

"இருக்கு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். மஞ்சள் மழைக்கோட்டை எடுத்து மாட்ட ஆரம்பித்தாள்.

காற்று பிரேக்கை மட்டும் நம்ப முடியாது, கசிந்துகொண்டே இருக்கும். விட்டுவிட்டால் நாற்பத்திரண்டு வேகனும் பின்னோக்கி உருளும், அடிவாரத்து ஸ்டேஷனில் பயணிகள் வண்டி நிற்கிறது. கார்டும் இல்லாத வண்டி. அதனால் ஒவ்வொரு வேகனாகப் போய், அதன் ஹேண்ட் பிரேக்கின் இரும்புச் சக்கரத்தை முழு உடம்பையும் கொடுத்து முறுக்க வேண்டும். ஆம்பளைகளே பத்து போட்டதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

"நான் போறேன். நீ பிரேக்கப் பாத்துட்டு இங்க உக்காரு." பாதி எழுந்தும்விட்டேன்.

"வேணாம் சார். டிரைவர் எஞ்சினை விட்டு எறங்கக் கூடாது." கண்ணாலேயே என் ஜன்னலுக்கு மேல் கூரையின் மூலையில் இருந்த கேமராவைக் காட்டினாள். "உங்களுக்குப் பதினோரு மாசந்தானே பாக்கி இருக்கு. எதுக்கு வம்பு?"

உட்கார்ந்தேன். அவள் ஒரு தடவைதான் வேண்டாம் என்றாள். நான் இரண்டாவது தடவை கேட்கவில்லை.

பக்கக் கண்ணாடியில் மஞ்சள் கோட்டு சின்னதாகிக்கொண்டே போய் வளைவில் மறைந்தது. வாக்கிடாக்கியில் குரல் மட்டும் வந்தது. "ஒண்ணு ஆச்சு சார்." "ரெண்டு." எட்டாவதில் மூச்சு வாங்கியது. பதினொன்றுக்கு அப்புறம் வெகுநேரம் சத்தமே இல்லை.

"ஏம்மா? என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல சார். துரு புடிச்சிருக்கு."

பதினாலில், "போதும்மா, வந்துடு" என்றேன்.

"இருபதுன்னாங்களே சார்."

பிரேக்கின் மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். கேமராவில் பார்த்தால் விதிப்படி நடக்கிற நல்ல டிரைவராகத்தான் தெரிந்திருப்பேன். எனக்கு என்னைப் பார்த்துக் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது.

ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தாள். ஏணியில் ஒவ்வொரு படியிலும் நின்று ஏறினாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"இருபதும் போட்டாச்சு சார்." கோட்டைக் கழற்றிக்கொண்டே, "வர்ற வழியில மணல் பெட்டியத் தொறந்து பாத்தேன். நெறைய இருக்கு. மூடி சரியா மூடல. தண்ணி எறங்கிக் கட்டி தட்டிப் போயிருக்கு."

குறை சொல்லும் குரல் இல்லை அது. குறை சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அது எனக்கு நன்றாக வரும். அவள் இருக்கையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தாள். நான் ரேடியோவை எடுத்து, உடம்பு முடியாத ஆள் இருக்கிறார், ஆம்புலன்ஸ் வேண்டும் என்றேன். எஞ்சின் வந்து வண்டி கீழே இறங்கினால்தான் முடியும் என்றார்கள்.

"சார், கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கறீங்களா?"

நாலாயிரம் குதிரைத்திறன், கம்ப்யூட்டர், கேமரா எல்லாம் உண்டு. கழிப்பறை மட்டும் கிடையாது. என் துண்டை எடுத்துக் கேமராவின் மேல் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தண்ணீர் பாட்டிலைப் பின்னால் நீட்டினேன். வாங்கிக்கொண்ட விரல்கள் சில்லென்று இருந்தன.

"சார்..." வெகு நேரத்துக்குப் பிறகு கேட்டாள். "வேற துணி எதாச்சும் இருக்கா?"

துண்டைத் தவிர வேறு துணி இல்லை. திரும்பாமலேயே அதை உருவிக் கொடுத்தேன். எழுந்து நின்று கேமராவை உள்ளங்கையால் பொத்தினேன். கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது. பின்னால் அழுகைகூடக் கேட்கவில்லை.

ரேடியோ மறுபடி இரைந்தது. "கேமராவுல ஒண்ணும் தெரியல. அங்க என்ன நடக்குது?"

கையை இன்னும் அழுத்திப் பொத்தினேன்.