தபாலின் விடுதலைச் சொல்

1.

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இது பயத்தில் பிறந்த கதை. பெருஞ்சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு நாய் உட்கார்ந்திருந்தது. இந்தப் பக்கம் அதை வளர்ப்பவள் விசிலும் கையுமாக நின்றிருந்தாள். நடுவே லாரிகள். நான் அவளுக்கு நாலடி தள்ளி இருந்தேன். பிறகு நடந்ததை எழுத எட்டு நாளாக உட்காருகிறேன், கை ஓடமாட்டேன் என்கிறது.

தொடக்கம் ஒன்று: ‘அன்று காற்று பலமாக’ (வேண்டாம். காற்றின் மேல் பழியைப் போடுகிறேன்.)

தொடக்கம் இரண்டு: ‘நாய்கள் நன்றியுள்ள’ (ஐயோ, பள்ளிக்கூடக் கட்டுரை.)

2.

அவள் பல் டாக்டர். நாயின் பெயர் தபால். எதைக் கவ்வினாலும் பல் படாமல் கொண்டுவந்து சேர்க்கும். வீட்டு நாய்களுக்கு வேட்டைநாய் வித்தைகள் சொல்லித்தரும் வகுப்பில் அதைச் சேர்த்திருந்தாள். எறிந்த டம்மியை எடுத்துவந்து கையில் தர வேண்டும்.* நீள விசில் கேட்டால் இருந்த இடத்திலேயே உட்கார வேண்டும். விடுதலைச் சொல் காதில் விழும்வரை அசையக்கூடாது.

(* டம்மி என்பது பறவைக்குப் பதிலாக எறியும் துணி உருளை. என் நாயும் அங்கேதான் படித்தது. அதை விடுங்கள், தண்டச்சோறு.)

பயிற்சி தருபவளை எல்லோரும் விசிலக்கா என்போம். முதல் நாளே அவள் சொன்னாள்: “உட்கார்ந்த நாயை எழுப்ப ஒரு வார்த்தை வேணும் டாக்டரம்மா. தினப்படி பேச்சுல வராத வார்த்தையாப் பாருங்க. ‘பட்டாசு’ன்னு வச்சுக்கங்களேன்.”

“சரி,” என்றாள் டாக்டர்.

தபால் சடாரென்று எழுந்தது. நாங்கள் கைதட்டினோம். யாரோ பிஸ்கட் வேறு கொடுத்துவிட்டார்கள்.

“போச்சுடா!” என்று தலையில் அடித்துக்கொண்டாள் விசிலக்கா. “அதையே பிடிச்சுக்கிச்சு. இனி யார் சொன்னாலும் எழுந்திரிக்கும்.”

பட்டாசு எடுபடவே இல்லை. வீட்டில் டாக்டரின் கணவர் போனில் “சரி, சரி, சரி” என்பார். தபால் மூன்று தடவை எழுந்திருக்கும்.

“கொஞ்சம் வாயைக் கட்டுங்களேன். அதை உட்கார வச்சிருக்கேன்ல?”

“என் வீட்டுல நான் சரின்னு சொல்லக்கூடாதா? நல்ல கூத்தா இருக்கே!”

டாக்டரும் சிரித்தாள். ஆனால் ஒருநாள் இந்தச் சிரிப்பு வாயிலேயே நின்றுவிடும் என்று அவளுக்கு உள்ளூர ஒரு பயம்.

3.

பயிற்சி மைதானம் பெருஞ்சாலையை ஒட்டியது. அன்று அவள் எறிந்த டம்மி தரையில் பட்டுத் துள்ளி, வேலியின் ஓட்டை வழியே சாலைக்குப் போனது. தபாலும் பின்னாலேயே போனது. வண்டி இல்லாத நேரமாகப் பார்த்துச் சாலையைக் கடந்து, டம்மியைக் கவ்விக்கொண்டு திரும்பியபோது வளைவில் லாரி.

நீளமாக ஊதினாள். தபால் எதிர் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்தது. அத்தனை மாதப் படிப்பும் அந்த ஒரு விசிலில் உயிரைக் காப்பாற்றியது. இனி அவளே கடந்துபோய் அதன் கழுத்து வாரைப் பிடிக்க வேண்டும். லாரிக்குப் பின்னால் லாரி.

“அசையாதடா கண்ணு, அம்மா வர்றேன்,” என்றாள். பிறகு எங்களைப் பார்க்காமலே, “யாரும் எதுவும் பேசாதீங்க, உங்க கால்ல விழறேன்,” என்றாள்.

அப்போது அவளுக்குப் பக்கத்தில் ஒரு குரல் அந்த வார்த்தையைச் சொன்னது.

முதல் பிரதியில் அது கணவரின் குரல். (அவர் அன்று வரவே இல்லை.) இரண்டாம் பிரதியில் ஒரு சைக்கிள்காரர். மூன்றாவதில் விசிலக்கா. பாவம், அவள் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றாள்.

4.

நான்தான்.

போன் அதிர்ந்தது. கை தானாகக் காதுக்குக் கொண்டுபோனது. “வரும்போது பால் வாங்கிட்டு வா,” என்றாள் என் சொந்த அக்கா. என்ன சொல்லியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். லாரி இரைச்சலில் கத்தியே சொன்னேன்.

தபால் எழுந்தது. டாக்டர் விசிலை வாயில் வைத்தாள். வாய் உலர்ந்துபோய் வெறும் காற்றுதான் வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிரேக் கிறீச்சிட்டது. திரும்பிப் பார்க்காமல் ஓடினேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

5.

முடிவு அ: இரண்டாம் முறை விசில் ஒலித்தது. தபால் சாலை நடுவே திட்டில் உட்கார்ந்தது. (ஆசைப்பட்டு எழுதியது. நம்ப முடியவில்லை.)

முடிவு ஆ: டாக்டர் தார்ச்சாலையில் மண்டியிட்டு, டம்மியை அதன் வாயிலிருந்து (முடியாது. என்னால் முடியாது.)

மூன்று நாளாக எனக்குக் கடைவாய்ப் பல் வலி. கன்னம் வீங்கிக் கிடக்கிறது. அவளுடைய கிளினிக் அடுத்த தெருதான். அங்கே தபால் பெஞ்சுக்கு அடியில் படுத்திருக்கும். புதிதாக வருகிறவரின் செருப்பைக் கவ்விவந்து மடியில் வைக்கும். இருந்தால். நேற்று கதவுவரை போனேன். உள்ளே ஏதோ சத்தம், நாற்காலி நகர்ந்ததாகவும் இருக்கலாம். வந்த வழியே திரும்பிவிட்டேன்.

எனக்குத் தைரியம் போதாது. நீங்கள் போங்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு அந்தப் பெஞ்சில் உட்காருங்கள். யாரிடமும் எதுவும் கேட்காதீர்கள். உங்கள் செருப்பு மடிக்கு வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.