தவளைக்காரி படித்த பதிவு

பழைய ஒலிப்பதிவுகளில் உள்ள இரைச்சலை நீக்கிக் கொடுப்பது அவன் தொழில். ஊசி விழுந்தாலும் எந்த மூலை என்று சொல்லிவிடுவான் என்பதால் நண்பர்களுக்கு அவன் பாம்புக்காது. அப்பாவின் குரல், குழந்தையின் மழலை என்று யார் யாரோ இணையம் வழியாக அனுப்புவார்கள். சன்னல் இடுக்குகளில் மெத்தைத் துண்டுகளைத் திணித்த பின்னறையில் உட்கார்ந்து சுத்தம் செய்து அனுப்புவான். ஆனால் கொஞ்ச காலமாகவே அவனுடைய இணையதளம் ஈ ஓட்டிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அவன் மனைவியின் தங்கை வேலை மாற்றலாகி அவர்களோடு தங்க வந்தாள்.

“மாமா, ‘தரமான சேவை’ன்னு போட்டிருக்கீங்க. அதைத்தான் எல்லாரும் போடுறாங்க. எப்படிச் செய்றீங்கன்னு எழுதுங்க. ஒரு வலைப்பதிவு ஆரம்பிக்கலாம்.”

“தொழில் ரகசியத்தைக் கடை பரப்பிட்டா அப்புறம் எவன் என்னைத் தேடி வருவான்?”

“சமையல் குறிப்பு படிக்கிறவங்க யாரும் ஓட்டல் பக்கமே போறதில்லையா?” என்றாள் மனைவி, துணி மடித்தபடியே. பாம்புக்காது தன் நாற்காலியை மைத்துனி பக்கம் இழுத்துப் போட்டான்.

அவன் சொல்லச் சொல்ல மைத்துனி எழுதினாள். பேச்சின் அடியில் ஓடும் ஜெனரேட்டர் உறுமலை எப்படிப் பிரிப்பது என்பது முதல் பதிவு. எழுதியவளும் அவள் அக்காவும், வழி தவறி வந்த யாரோ ஒருவரும் படித்தார்கள்.

“செவிடன் காதுல ஊதின சங்குதான்” என்று அலுத்துக்கொண்டான். ஆனாலும் மெல்ல மெல்லப் படித்தவர்களிடமிருந்து சந்தேகங்கள் வரத் தொடங்கின. ஒருவர் கேட்ட ஒரு வரிக் கேள்விக்கு, சோறு ஆறுவதுகூடத் தெரியாமல் ஒரு பக்கம் பதில் தட்டினான். அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

ஒரு காலை மைத்துனி பல்விளக்கிய நுரையோடு ஓடிவந்தாள். “மாமா! தவளை!”

“எங்கே?” என்று அவன் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்தான்.

“மெயில்ல!”

எழுதியிருந்தவர் தவளைகளை ஆராயும் பெண். சதுப்பு நிலத்தில் எடுத்த அவருடைய ஒலிப்பதிவுகளையெல்லாம் முகாமின் ஜெனரேட்டர் சத்தம் விழுங்கிவிட்டதாம். “பல நிறுவனங்களிடம் கேட்டேன். முடியும் என்று எல்லோரும் சொன்னார்கள். எப்படி என்று சொன்னது உங்கள் வலைப்பதிவு மட்டும்தான். மனிதக் குரலைக் காப்பாற்றுவது போலத் தவளைக் குரலையும் காப்பாற்ற முடியுமா?”

பாம்புக்காது பின்னறைக்குள் போனவன் சாப்பாட்டுக்குக்கூட எட்டிப் பார்க்கவில்லை. மனிதத் தொண்டைக்குச் சொன்ன கணக்கு தவளைத் தொண்டைக்கு ஒத்துவரவில்லை. உறுமலைக் குறைத்தால் தவளையும் சேர்ந்து செத்தது. கலைத்தான், மறுபடி தொடங்கினான். நான்காம் நாள், “எல்லாரும் வாங்க!” என்று அவன் போட்ட சத்தத்தில் மனைவி கரண்டியோடு ஓடிவந்தாள்.

வீடியோ அழைப்பில் ஆராய்ச்சிக்காரர். பாம்புக்காது பொத்தானைத் தட்டினான். முதலில் தண்ணீர்ச் சலசலப்பு. பிறகு தவளைக் கூட்டத்தின் கச்சேரி. அதற்கெல்லாம் அடியில், கண்ணாடிக் குவளையை விரலால் சுண்டுவது போல, டிங்... டிங்...

“நிறுத்துங்க! அதை மட்டும் திரும்பப் போடுங்க!”

போட்டான். அந்தம்மா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

“இந்தத் தவளை அங்கே அழிஞ்சே போச்சுன்னு நானே கட்டுரை எழுதினேங்க. அது என் கூடாரத்துக்குப் பக்கத்துலயே உட்கார்ந்து கத்தியிருக்கு!” என்று அழுதுகொண்டே சிரித்தார். மைத்துனி குதித்த குதியில் மேசை விளக்கு சரிந்தது. யார் பெற்ற தவளையோ, மனைவிக்கும் கண் கலங்கிவிட்டது.

தன்னிடமிருந்த ஒலிப்பதிவுகள் அத்தனையையும் ஆராய்ச்சிக்காரர் அவனிடமே ஒப்படைத்தார். தோழிகளுக்கும் சொன்னார். வௌவால்காரர் ஒருவர் வந்தார், பின்னாலேயே திமிங்கலக்காரர் ஒருவர் வந்தார். உதவிக்கு ஆள் வைக்க வேண்டியதாயிற்று.

தவளைக் குரல் கேட்ட அன்று மாலையே மைத்துனி கணினியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

“சொல்லுங்க மாமா, எழுதறேன்.”

“தள்ளும்மா. தவளை விஷயத்தை நானே எழுதறேன்” என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். முதல் வரியை நாலு தடவை அடித்து அழித்தான். ஐந்தாவது தடவை நிற்கவே இல்லை.